அக்கா கல்யாணமும் அறுந்த வயரும்

பந்தல்குடியில் ரோட்டோரத் தகரக் கொட்டகை ஒன்றில் வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்த்தவர் என் அப்பா. லைட் எரியாத லாரி, ஹாரன் அடிக்காத டிராக்டர், செல்ஃப் எடுக்காத வேன் எல்லாம் அவரிடம்தான் வரும். வந்த வண்டியை ஒரு டீ ஆறுவதற்குள் சரிசெய்து விரட்டாவிட்டால் அவருக்கு இருப்புக்கொள்ளாது. பொறுமைசாலி என்று அவரை எங்கள் அம்மாகூடச் சொன்னதில்லை. அப்படிப்பட்டவர் ஒரு பழைய காரில் ஒரே ஒரு வயரைச் சரிசெய்ய நாள் கணக்கில் எடுத்துக்கொண்டார். நான்காம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை அது. வேறு வேலை இல்லாததால் முழுக்கப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

கார் பெரியப்பாவுடையது. அவர் அப்பாவின் சொந்த அண்ணன். பரளச்சியில் மானாவாரிக் காடு வைத்து கொத்தமல்லியும் கம்பும் போடுகிறவர். இருவருக்கும் அப்போது பேச்சுவார்த்தை இல்லை. இரண்டு பேர் காட்டுக்கும் நடுவே, வரப்பில் தானாக முளைத்த ஒரு சீமைக்கருவேல மரத்தைக் கரிமூட்டத்துக்கு வெட்டிக் கொடுத்தது யார் என்று தொடங்கிய சண்டை. ஒரு மழை பெய்தால் அதே இடத்தில் நூறு முளைக்கும். அந்த மரத்துக்காக இருவரும் கருப்பசாமி கோயிலுக்குப் போய், சூடம் ஏற்றி அதைக் கையால் அணைத்து, "இனிமே ஒன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று ஒருவருக்கொருவர் சத்தியம் செய்துவிட்டு வந்தார்கள். எங்கள் பக்கம் சூடம் அணைத்துச் சொன்ன சொல்லை யாரும் மீறுவதில்லை. மீறினால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் பயம் இன்னும் அதிகம்.

இந்த நிலையில்தான் பெரியப்பா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. எனக்கு அவள்தான் அக்கா. சண்டைக்கு முன்னால் ஒவ்வொரு விடுமுறையிலும் எனக்குத் தலைபின்னி, தைத்த துணியில் மிஞ்சிய துண்டில் என் பொம்மைக்கும் பாவாடை தைத்துக் கொடுத்தவள். அவள் கல்யாணச் சேதி எங்களுக்கு பஸ்ஸில் வந்த யாரோ சொல்லித்தான் தெரிந்தது. கூடப்பிறந்தவனே ஆனாலும், வெற்றிலை பாக்குடன் பத்திரிகை வைத்து அழைக்காமல் கல்யாணத்துக்குப் போகமுடியாது. அழைக்க வேண்டுமானால் வீட்டுக்கு வரவேண்டும், வந்தால் வாசற்படியை மிதிக்கவேண்டும். அம்மா பட்டுச்சேலையை எடுத்து உதறிப் பார்த்துவிட்டு மறுபடியும் பீரோவில் வைத்தாள். நான் சாப்பிடாமல் அழுதேன்.

ஒருநாள் காலையில் பெரியப்பாவின் கார் கொட்டகை முன்னால் வந்து நின்றது. இறங்கியவர் உள்ளே வராமல் கீழே குனிந்து தரையைப் பார்த்தார். ஆயில் குடித்த கருப்பு மண்தான் இருந்தது, படி எதுவும் இல்லை. திருப்தியாக உள்ளே வந்து நின்று, என்னைப் பார்த்துப் பேசினார்.

"ஒங்கப்பாகிட்டச் சொல்லு தாயி. வண்டி வேகமாப் போறப்ப ஒண்ணுமில்ல. மெதுவா உருட்டுனா இஞ்சின் அமந்துபோகுது. ஸ்பீடு காட்டுற முள்ளும் திடீர்னு விழுந்துருது."

ஒரு கை தூரத்தில் நின்ற அப்பா, நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு, "எம்புட்டு நாளா இப்பிடி இருக்குன்னு கேளு" என்றார். கேட்டேன். அந்த இரண்டு அடி இடைவெளியில் நான் போஸ்ட்மேன் ஆனேன்.

எனக்கு அந்தக் கோளாறு விடுகதை மாதிரி இருந்தது. கியர் பெட்டிமேல் கட்டைவிரல் பருமனில் ஒரு சென்சார் இருக்கிறதாம். உள்ளே சுற்றுவதைப் பார்த்து, வண்டி என்ன வேகத்தில் போகிறது என்று வயர் வழியாகச் சொல்லுமாம். அந்தச் சேதி முள்ளுக்கும் போகும், இஞ்சினைக் கவனிக்கும் கம்ப்யூட்டர் பெட்டிக்கும் போகும். சேதி வராவிட்டால் வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று பெட்டிக்குத் தெரியாது. குழம்பிப்போய் இஞ்சினை அணைத்துவிடும். பேசாமல் போனால் வண்டிகூட நின்றுவிடும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா காரின் முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டு கொடுத்தார். பெரியப்பா முதல் கியரில் சக்கரங்களைச் சுற்றவிட்டார். என் வேலை, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து முள்ளைப் பார்ப்பது. அப்பா பானெட்டுக்குள் கையை விட்டு, சென்சாரிலிருந்து வரும் வயரை விரற்கடை விரற்கடையாக வளைத்துக்கொண்டே வந்தார். பத்தைத் தொட்டு ஆடிக்கொண்டிருந்த முள் பொத்தென்று விழுந்தது.

"விழுந்துருச்சுப்பா!"

நிமிர்த்தினார், முள் எழுந்தது. வளைத்தார், விழுந்தது. நான் ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். ஓர் இரும்புப் பட்டையை வயர் உரசிக்கொண்டு போகும் இடம். மேல்தோல் முழுதாக இருக்க, உள்ளே செம்புக்கம்பி மட்டும் அறுந்திருக்கிறது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா இப்போது கட்டிங் பிளேயரை எடுப்பார் என்று பார்த்தால், பானெட்டை மூடிவிட்டார்.

"பிடிபடல. எங்கெங்க அமருதுன்னு பாத்துக்கிட்டு நாளைக்கு வரச் சொல்லு."

"சரி தாயி" என்றார் பெரியப்பா, கொஞ்சமும் சலிக்காமல்.

மறுநாள் வந்தார். அப்பா ஃபியூஸ் ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து மாட்டினார். அதற்கடுத்த நாள் பேட்டரி. அப்புறம் எதற்கும் சம்பந்தமில்லாத பின்லைட். கொட்டகைக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டிலிருந்து அம்மா என்னிடம் டீ கொடுத்தனுப்பினாள், பிறகு வடை, பிறகு ஒரு மதியம் கருவாட்டுக் குழம்பும் சோறும். பெரியப்பா டயர்மேல் உட்கார்ந்து வியர்க்க வியர்க்கச் சாப்பிட்டு, "ஒங்கம்மாகிட்டச் சொல்லு, உப்பு ஒறப்பு எல்லாம் கணக்கா இருக்கு" என்றார். அதையும் கொண்டுபோய்ச் சொன்னேன்.

பின்சீட்டில் ஒரு துண்டு போட்டு மூடி எவர்சில்வர் தாம்பாளம் ஒன்று இருந்தது. முதல் நாளே ஓரத்தைத் தூக்கிப் பார்த்திருந்தேன். மேலே தேங்காயும் வெற்றிலையும் தெரிந்தன. அந்த வெயிலில் பூட்டிய காருக்குள் வெற்றிலை மத்தியானமே சுருண்டுவிடும். ஆனால் மறுநாள் காலையில் பார்த்தால் பச்சைப்பசேல் என்று புதிதாக இருக்கும், அதற்கு மறுநாளும் அப்படியே. கருப்பசாமிக்குக் கொண்டுபோகிறார் போல என்று முடிவுகட்டினேன். ஏனென்றால் கார் தினமும் அமர்வது அங்கேதான்.

"கருப்பசாமி கோயில் முன்னாடிதான் அமருது தாயி" என்று ஒருநாள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சத்தியம் பண்ணுன எடம் பாரு, சாமி மறிக்கிதுன்னு ஊருல பேசிக்கிறாக."

நான் அதை எடுத்துச் சொல்வதற்குள் அப்பாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"கோயிலக் கண்டா கியர எடுத்துட்டு, கையெடுத்துக் கும்புட்டுக்கிட்டே உருட்டுவீக! அங்க அமராம வேற எங்கண்ணே அமரும்? சாமிய ஏன் வம்புக்கு இழுக்குறீக?"

சொல்லிவிட்டு அப்பா திகைத்து நின்றார். பெரியப்பா மெதுவாகத் தலையை நிமிர்த்தி, "அப்பிடியா தம்பி" என்றார். அதோடு என் போஸ்ட்மேன் உத்தியோகம் போயிற்று. அன்று முழுக்க இருவரும் மழையைப் பற்றியும் மல்லி விலையைப் பற்றியும் பேசிக்கொண்டே இருந்தார்கள், வயரை யாரும் தொடவில்லை.

கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. காரைச் சீக்கிரம் சரிசெய்து கொடுத்தால்தானே பெரியப்பா மனம் குளிர்ந்து எங்களை அழைப்பார்? இப்படி இழுத்தடித்தால் வேறு ஒர்க்ஷாப்புக்குப் போய்விடுவாரே! அப்பாவின் கெட்டிக்காரத்தனத்தின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மறுநாள் கார் வந்ததும் பெரியப்பாவின் கையைப் பிடித்து இழுத்துப்போய் பானெட்டுக்குள் காட்டினேன்.

"இந்த எடந்தான் பெரியப்பா. உள்ள கம்பி அத்துருக்கு. அப்பாவுக்கு மொத நாளே தெரியும். ஏன் சரிபண்ணாம இருக்காருன்னுதான் தெரியல."

அப்பா கையிலிருந்த ஸ்பேனரை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா கத்தப்போகிறார் என்று நான் கண்ணை மூடினேன்.

"எனக்கும் தெரியும் தாயி" என்றார் பெரியப்பா. "அருப்புக்கோட்டை ஒர்க்ஷாப்புல பாத்தவுகளும் இதே எடத்தத்தான் காட்டுனாக. இப்பவே சரிபண்ணித் தாரோம்னாக. நாந்தான், எந்தம்பி பாப்பான்னு எடுத்துட்டு வந்துட்டேன்."

தூத்துக்குடி ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பெரியப்பா பின்கதவைத் திறந்து, தாம்பாளத்தை எடுத்து, துண்டை விலக்கினார். வெற்றிலைக்கு அடியில் மஞ்சள் தடவிய பத்திரிகை இருந்தது. அப்பா கையைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அம்மாவைக் கூப்பிடக்கூட இல்லை, அவளே வந்து நின்றாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். எப்போது மாற்றினாள் என்று எனக்குத் தெரியவில்லை.

"நீ வந்து நின்னாத்தான் கல்யாணம்" என்றார் பெரியப்பா.

"வாரேண்ணே" என்றார் அப்பா. கொட்டகைக்கு வாசற்படி இல்லை, கல்யாணம் நடக்கப்போகும் மண்டபம் யாருடைய வீடும் இல்லை. கருப்பசாமிக்கும் சங்கடம் வைக்கவில்லை.

பிறகு அப்பா வயரை வெட்டி, புதுத் துண்டு சேர்த்துப் பற்றவைத்து, டேப் சுற்றி, இரும்புப் பட்டையில் உரசாமல் தள்ளிக் கட்டினார். அம்மா கொண்டுவந்த டீ அப்போதும் ஆறவில்லை.

கல்யாணத்தன்று மணமகள் அறையில் அக்காவின் அருகிலேயே ஒட்டிக்கொண்டிருந்தேன். என் மனதில் இருந்த குறையை அவளிடம்தான் சொல்லமுடியும். என் அப்பா தெரிந்த வயரைக்கூடச் சீக்கிரம் சரிசெய்யத் தெரியாதவர், உன் அப்பா சரிசெய்ய ஆள் இருந்தும் விட்டுவிட்டு வந்தவர், இரண்டு பேரும் இப்படி இருந்தால் எப்படி என்று கேட்டேன். வெற்றிலையைத் தினமும் புதிதாக வாங்கி வைத்த வீண் வேலையையும் சொன்னேன். அக்கா முதலில் சிரித்தாள். பிறகு பார்த்தால் அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. புதிதாகத் தீட்டிய மை உள்ளே போய் எரிகிறது போல என்று நினைத்து, அவள் இமையை விரித்துப் பிடித்துக்கொண்டு நன்றாக ஊதிவிட்டேன்.