மாஸ்க் போட்ட மீனவன்

கல்முனைக்குடிக் கடற்கரை வீதியில் எங்கள் பஸ்ஸுக்கு டயர் மாற்றுகிறார்கள். எதிரே, படகு கட்டும் கொட்டிலில், விநாயகபுரத்துச் சிற்பி ஒருவர் ஃபைபர் சிலையொன்றின் முதுகைக் கிரைண்டரால் தேய்க்கிறார். வலை தூக்கிய மீனவன். ஊர்ச் சந்தியில் வைக்கவாம். ஃபைபருக்குப் பூசும் ரெசின் பசையின் நாற்றம் வீதிவரை வந்து என் தொண்டையை அறுக்கிறது. அவருடைய இமையிலும் மீசையிலும் வெள்ளைத் தூள். இருமி முடித்து, பிளேன்டீயில் மிதக்கும் தூளை விரலால் ஒதுக்கிவிட்டுக் குடிக்கிறார்.

"அண்ணன், மாஸ்க் இல்லையா?"

"ஓம், இருக்கே."

சிலையைக் காட்டுகிறார். மீனவனின் மூக்கையும் வாயையும் புது மாஸ்க் மூடியிருக்கிறது.

"முகத்துக்குப் பெயின்ட் அடிச்சி முடிச்சாச்சி தம்பி. தூள் ஒட்டினா மினுக்கம் போயிரும்."

"உங்கட நெஞ்சு?"

கிரைண்டரைத் திரும்ப எடுக்கிறார்.

"நானா சந்தியில நிக்கப்போறன்?"