கடலை போடும் கிழமை

சின்னமனூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பதினேழு வருசமாகச் சத்துணவு சமைப்பவர் வியாகுலமேரி. சர்க்கரை நோய்க்காரர். இப்போதெல்லாம் நாலு வாய் சோறு தின்றாலே வயிறு கல்லாகிவிடும், அப்புறம் வாந்தி. "நாள் முழுக்க அடுப்படியில ருசி பாத்தா ராத்திரி எப்படிப் பசிக்கும்?" என்று கணவர் லூர்துநாதனே கேலி செய்வார்.

சர்க்கரை நோயாளிகளின் இரைப்பை ஏன் மந்தமாகிறது என்று தேனியில் டாக்டர் தங்கப்பாண்டியன் ஆராய்ச்சி செய்கிறார் என்று கேள்விப்பட்டு வியாகுலமேரி பெயர் கொடுத்தார். சோதனைக்கு முதல் நாள் ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.

வியாழக்கிழமை காலை, தொண்டைக்குள் விட்ட கேமராக் குழாயை டாக்டர் சட்டென்று வெளியே உருவினார்.

"வெறும் வயித்தோடதான வரச் சொன்னேன்? உள்ள சாப்பாடு கெடக்கு. பொய் சொல்றவுகள வச்சு என்னத்த ஆராய்ச்சி பண்றது?"

பட்டியலில் அவர் பெயரை அடித்தார்.

தொண்டை மரத்திருந்தும் வியாகுலமேரிக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. எழுந்து உட்கார்ந்தார்.

"அந்தப் படத்தக் காட்டுங்க சார்."

திரையில், கூழாய்க் கிடந்த சாப்பாட்டுக்கு நடுவே முழுசாக இரண்டு கறுப்புக் கொண்டைக்கடலை. அவர் கையால் ஊறவைத்து வேகவைத்தவை.

"இது பள்ளிக்கூடத்துல நான் தின்ன ஒரு கரண்டி சார். வீட்டுல கடலையே கெடயாது. பள்ளிக்கூடத்துல செவ்வாக்கெழம மட்டுந்தான் கடல போடுவோம். இன்னைக்கு என்ன கெழமைன்னு நீங்களே சொல்லுங்க."

டாக்டர் பட்டியலைத் திரும்ப எடுத்தார். அடித்த பெயரை மறுபடி முழுசாக எழுதினார். பக்கத்தில் தேதியைப் போட்டுவிட்டு, கிழமையையும் சேர்த்து எழுதினார்.