ஜாம்பேசிக்குப் போன பத்து நாள் லீவு

என்னிடம் ஒரு படிவத்தின் நகல் இருக்கிறது. விக்டோரியா அருவிக்குக் கீழே, ஜாம்பேசி ஆற்றில், ரப்பர் படகில் ஆட்களை ஏற்றிச் செல்லும் ஒரு நிறுவனம் எங்களிடம் கையெழுத்து வாங்கிய படிவம். மாதம் அக்டோபர் என்பது தெளிவாகத் தெரிகிறது. தேதியின் இரண்டாவது இலக்கம் தண்ணீர் பட்டுக் கலைந்துவிட்டது; என் நாட்குறிப்பின்படி அன்று செவ்வாய்க்கிழமை. 'அவசரத்தில் தொடர்புகொள்ள வேண்டியவர்' என்ற இடத்தில் என் அறைத்தோழர் எழுதியிருப்பது என் எண். என் படிவத்தில் அதே இடத்தில் இருப்பது அவருடைய எண்.

வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களுக்கு இதில் விநோதம் எதுவும் தெரியாது. எந்தப் படிவத்திலும் நாங்கள் வீட்டு எண்ணை எழுதுவதில்லை. ரூமில் கூட இருப்பவரின் எண்ணைத்தான் எழுதுவோம். கெட்ட செய்தி முதலில் ரூமுக்கு வர வேண்டும். அங்கே ஒருவர் அதைக் கொஞ்சம் ஆறவைத்து, ஊரில் மச்சானிடமோ சித்தப்பாவிடமோ சொல்லி, அதன்பிறகே அது வீட்டு வாசலுக்குப் போக வேண்டும். பர் துபாயில் நான் இருந்த வருடங்களில் அப்படி இரண்டு செய்திகளைக் கொண்டு சேர்த்திருக்கிறேன். ஆகவே இருவரும் பேனாவை எடுத்தோம், எழுதினோம். ஒரே படகில் ஏறப்போகிறோம் என்பது இருவருக்குமே தோன்றவில்லை.

நான் ஒரு கட்டுமான நிறுவனத்தில் வரைபடங்களுக்கும் கடிதங்களுக்கும் தேதி, எண் போட்டு அடுக்கி வைப்பவன். அவர் என்னைவிட எட்டு வயது இளையவர், புதுக்கோட்டைப் பக்கம். உயரமான கட்டடங்களின் கண்ணாடிச் சுவர்களைக் கயிற்றில் தொங்கிக்கொண்டு துடைப்பது அவர் வேலை. அந்த வருடம் கம்பெனி அவருக்கு முப்பது நாள் லீவு கொடுத்தது. மனைவியிடம், "சைட்ல ஆள் இல்ல, இருபது நாளுதான் குடுத்தாங்க" என்று சொல்லியிருந்தார். மீதிப் பத்து நாளை அவர் ஆப்பிரிக்காவுக்கு ஒதுக்கிக்கொண்டார்.

ஏன் என்று விமானத்தில் கேட்டேன்.

"ஊருக்குப் போனா லீவு என்னோடது இல்லண்ணே. கல்யாணம், காதுகுத்து, பத்திர ஆபீசு, ஆஸ்பத்திரி. திரும்பி வரும்போது ப்ளைட்லதான் முத முதல்ல சும்மா உக்காருறேன்."

"அதுக்கு துபாயிலயே சும்மா உக்காரலாமே. பாலத்துல இருந்து குதிக்கணுமா?"

"பதினாலு வருசமா கயித்துல தொங்குறேன். கால் வழுக்கிடுமோ, கால் வழுக்கிடுமோன்னே. ஒரு தடவ விழுந்து பாத்துரணும்ணே. அப்புறம் பயம் கலாஸ், முடிஞ்சுது."

ஜாம்பியாவுக்கும் எதிர்க்கரையில் இருக்கும் நாட்டுக்கும் நடுவே ஆற்றின் மேல் ஒரு பழைய இரும்புப் பாலம் இருக்கிறது. அதிலிருந்து காலில் ரப்பர் கயிறு கட்டிக்கொண்டு குதிப்பதற்கு அவர் வியாழக்கிழமைக்குப் பதிவு செய்திருந்தார்.

நான் பழைய பயணக் குறிப்புகள் சிலவற்றைப் படித்துவிட்டுப் போயிருந்தேன். அருவியின் புகை வெகு தூரத்திலிருந்தே தெரியும், பேச்சுக் குரல் காதில் விழாது என்றெல்லாம் அவரிடம் விரிவாகச் சொல்லியிருந்தேன். அக்டோபரில் ஆறு வற்றிவிடும் என்பதைக் கவனிக்கத் தவறிவிட்டேன். ஜாம்பியா பக்கம் நாங்கள் பார்த்தது பெரும்பாலும் காய்ந்த கரும்பாறைச் சுவர்தான்.

"என்னண்ணே இது? நம்ம டவர்ல பைப் உடைஞ்சா இதவிட ஜாஸ்தி ஊத்தும்."

"அந்தப் பக்கம் தண்ணி இருக்காம். அப்புறம் பாக்கலாம்."

"புக்கு படிச்சவங்களோட வந்தா இப்படித்தான்."

செவ்வாய்க்கிழமை ஆற்றில் இறங்கினோம். அங்கே நீர்ச்சுழிப்புகளுக்கு வரிசையாக எண் கொடுத்திருக்கிறார்கள். ஏழாம் எண்ணில் படகு ஒரு பக்கமாகத் தூக்கிக் கவிழ்ந்தது. என்னை நீரோட்டம் எதிர்க்கரைக்குக் கொண்டுபோய்ப் பாறை இடுக்கில் விட்டது. அவர் படகின் கயிற்றை விடவில்லை, தொழில் பழக்கம். படகு புரண்டது, வலது தோள் மூட்டிலிருந்து கழன்றது.

என்னைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரமாயிற்று. அதற்குள் ஒருவருக்குக் காயம், ஒருவரைக் காணவில்லை என்று மேலே அலுவலகத்துக்கு வயர்லெஸ்ஸில் செய்தி போயிருந்தது. மேலாளர் படிவங்களை எடுத்தார். அறைத்தோழருக்காக என் எண்ணை அழைத்தார். பிறகு எனக்காக அறைத்தோழரின் எண்ணை அழைத்தார். எங்கள் இரண்டு போன்களும் அதே மேசையில், ஒரே பிளாஸ்டிக் பெட்டியில் இருந்தன. பெட்டி மாற்றி மாற்றி அடித்தது என்று பின்னர் மேலாளரே எங்களிடம் சொன்னார்.

ஒரு கையைக் கட்டிக்கொண்டு, செங்குத்தான பள்ளத்தாக்கு வழியில் ஏறி, ஊருக்குள் இருந்த மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தோம். மயக்க ஊசி போட்டுத்தான் மூட்டை உள்ளே தள்ள வேண்டும் என்றார்கள். அதற்கு முன் குடும்பத்தில் ஒருவரிடம் பேச வேண்டும் என்றார் நர்ஸ்.

"இவர் இருக்கிறாரே" என்று அறைத்தோழர் என்னைக் காட்டினார்.

"இவரும்தான் தண்ணீரில் இருந்தார். கரையில் இருக்கும் ஒருவரைச் சொல்லுங்கள்" என்றார் நர்ஸ்.

அவர் என்னிடம் தமிழில் சொன்னார்: "சைட்ல வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிர்றேண்ணே. நீங்க வாயத் தொறக்காதீங்க."

மருத்துவமனையின் வைஃபையில், எல்லோரும் வைத்திருக்கும் அந்தச் செயலியில் வீட்டுக்கு அழைத்தார். போனை நான் பிடித்துக்கொண்டேன். ஸ்பீக்கரில் இருந்தது.

"என்னங்க, இதுல கால் பண்றீங்க?"

"சும்மாதான். சைட்ல ஒரு சின்ன..."

"துபாய்ல இதுல பேச முடியாது, மெசேஜ் மட்டுந்தான் போகும்னு சொல்லுவீங்களே. இப்ப எங்க இருக்கீங்க?"

இது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. அங்கே இந்த அழைப்புக்குத் தடை என்பது எங்களுக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது. வேறு நாட்டில் அது தடையின்றிப் போனபோது நாங்கள் கவனிக்கவே இல்லை.

"ஆப்பிரிக்கா."

"எங்க?"

"ஆப்பிரிக்கா. அருவி பாக்க வந்தேன்."

"கம்பெனி அனுப்புச்சா?"

அவர் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த அம்மாள் வழியைத் திறந்துதான் வைத்தார். அறைத்தோழர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு போனைப் பார்த்தார்.

"இல்ல. லீவுல வந்தேன். முப்பது நாள் குடுத்தாங்க. பத்து நாள் இங்க."

அழைப்பு அறுந்துவிட்டதோ என்று நான் திரையைப் பார்த்தேன்.

"குரல் ஏன் இப்படி இருக்கு?"

"தோள்பட்ட கழண்டுருச்சு. ஊசி போடணுமாம். உன்கிட்ட கேக்கணுமாம்."

"பக்கத்துல யாரு?"

"நான்தாம்மா" என்றேன்.

"போடச் சொல்லுங்கண்ணே."

அவ்வளவுதான். கணவரிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் வைத்துவிட்டார். நான் நர்ஸுக்கு மொழிபெயர்த்தேன். அவர் எதையோ எழுதிக்கொண்டார்.

புதன்கிழமை காலை, அவர் எழுவதற்கு முன்பே, லுசாகா வழியாக உடனே திரும்பும் விமானங்களைப் பார்த்து வைத்தேன். பயணத்தை மாற்றினால் துபாய் போய், வெள்ளிக்கிழமைக்குள் திருச்சியில் இறங்கலாம். பத்தில் ஐந்து நாள் அவருக்கு ஊரில் கிடைக்கும். அவரிடம் காட்டினேன். படித்தார். அப்போது மனைவியிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. ஒன்றரை நிமிடத்துக்கு மேல் நீளம். போனை இடது காதில் வைத்துக்கொண்டு விடுதியின் பின்பக்கம் போனார். "என்னங்க, நான்" என்று தொடங்கியது மட்டும் எனக்குக் கேட்டது.

திரும்பி வந்து, "இருந்து பாத்துட்டு வரச் சொல்லிட்டாண்ணே" என்றார்.

"கோவமா சொன்னாளா, நல்லபடியா சொன்னாளா?"

"சொன்னா."

டிக்கெட்டை மாற்றவில்லை. மறுநாள் பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போனோம். அங்கே உண்மையிலேயே தண்ணீர் விழுந்தது. நின்ற இடத்தில் நனைந்தோம். பாலத்தில், குதிக்க அவர் பெயரைக் கூப்பிட வேண்டிய நேரத்தில், கழுத்தில் கட்டிய துணியில் கையை மாட்டிக்கொண்டு, மற்றவர்கள் விழுவதைக் கம்பியோரம் நின்று பார்த்தார். வீட்டுக்கு எட்டு வீடியோ அனுப்பினார். எட்டுக்கும் நீலக் குறி விழுந்தது, பதில் வரவில்லை.

டிசம்பரில் ஊருக்குப் போனார். இருபது நாளும் இருந்துவிட்டு, சொன்ன தேதியில் திரும்பினார். ஆப்பிரிக்கா பற்றி வீட்டில் என்ன பேச்சு நடந்தது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்களுக்கென்று ஒரு டப்பா நிறைய முறுக்கு வந்தது. நன்றி சொல்ல நான் அந்த அம்மாளுக்குப் போன் செய்தேன். முறுக்கைப் பற்றி மட்டுமே பேசினோம்.

எனவே, புதன்கிழமைக் குரல் செய்தியில் அவர் கணவரை இருந்து பார்த்துவிட்டு வரச் சொன்னாரா என்பதற்கு என்னிடம் இருப்பது கணவரின் வாய்வார்த்தை ஒன்றுதான். இன்றுவரை அதைச் சரிபார்க்கவில்லை.