நோஞ்சான் மீனும் வேணும் என்றவர்

எனக்கு எழுத்து கோணலாகத்தான் வரும், நாலாவதுக்கு மேல் படிக்கவில்லை. மறதியும் சேர்ந்துவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதாம் வருசத்துக்குப் பக்கமாக, மீன் ஆராய்ச்சி செய்கிற ஒருத்தர் எங்கள் ஜவ்வாது மலை ஓடைக்கு வந்தார். வழுக்கை மண்டை வெயிலில் தோலுரிந்திருக்கும், குடையை மட்டும் மீன் வாளிக்குத்தான் பிடிப்பார். "மண்டை வெடிச்சிடப் போவுது சார்" என்று என் வூட்டுக்காரர் கிண்டல் செய்வார். வெயில் பட்டால் மீன் உடம்புக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத நூல் ஒன்று அறுமாம். சில மீன் அதைச் சட்டென்று ஒட்டுப்போட்டுக்கொள்ளும், சிலதுக்குப் பிறவியிலேயே அது சரியாக வராதாம். அதைப் பார்க்கத்தான் ஓடையில் தண்ணீர் ஆழமாகத் தேங்கி நிற்கிற எங்கள் மடுவைத் தேடி வந்தார்.

கடைசி நாள் வரை வலையில் நாலைந்துதான் விழுந்தது, அதுவும் செத்துப்போச்சு. பாவம் என்று, நாங்கள் மீன் பிடிக்கிற மாதிரியே காரைக்காயை இடித்து மடுவில் கரைத்துவிட்டேன். மீனெல்லாம் மயங்கி மிதந்ததும் ஓடிப்போய் அவரைக் கூப்பிட்டேன்.

"என்னம்மா பண்ணிட்டீங்க!" என்று பேண்ட்டோடு தண்ணீரில் குதித்தார். அள்ளி அள்ளி நல்ல தண்ணீர் வாளியில் போட்டார். பாதிதான் துள்ளியது.

"பொழச்சதை எடுத்துக்கோங்க சார்."

"கெட்டியானது மட்டுந்தாம்மா பொழச்சிருக்கு. எனக்கு நோஞ்சானும் வேணும். ரெண்டையும் பக்கத்துல வெச்சாத்தானே வித்தியாசம் தெரியும்?"

ஒரு வார்த்தை திட்டவில்லை. பிழைத்ததை ஓடையின் மேற்பக்கம் விட்டுவிட்டு, வெறும் வாளியோடு ஆலங்காயம் பஸ் ஏறினார். நோஞ்சானைத் தேடி வந்த வேறு ஆளை நான் பார்த்ததில்லை.

அந்த நூல் விசயம் நான் சொன்னது சரிதானா, அந்த மடுவில் மறுபடி நோஞ்சான் மீன் பிறந்திருக்குமா? படித்தவர் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.