தடுப்பு வைத்த கோழிக்கூண்டு

என் வீட்டுக்காரர் கோழி வளர்க்கலாம் என்று சொன்ன அன்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு நாய்க்குட்டிக்குக்கூடச் சோறு வைத்தவர் இல்லை அவர். விடிவதற்கு முன்னால் பழவேற்காடு ஏரிக்குப் போவார். கழுத்தில் ஓலைக்கூடையை மாட்டிக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைத் துழாவிக் கையாலேயே இறால் பிடிப்பார். வந்தால் குளியல், சாப்பாடு, தூக்கம். அப்படிப்பட்டவர் ஒருநாள், "பின்னாடி எடம் சும்மாதான கீது, நாலு கோழி வுட்டா இன்னா?" என்கிறார்.

"திடீர்னு இன்னாயா கோழி?"

"முட்டை கெடைக்கும்மே. புள்ளைங்க துன்னும்."

எங்கள் பிள்ளைகளுக்கு முட்டை வாசனையே ஆகாது. அது அவருக்கும் தெரியும்.

வேறு வீட்டில் பிறந்திருந்தால் நான் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன். நான் பிறந்தது சுண்ணாம்புக்குளத்துக்கு அந்தப் பக்கம், ஆந்திர எல்லையில். என் நைனா (எங்கள் பக்கம் அப்பாவையும் பெரியவர்களையும் அப்படித்தான் கூப்பிடுவோம்) சேவல் சண்டைக்காரர். சங்கராந்தி வருவதற்குப் பல மாதம் முன்பே சேவலுக்குக் கேழ்வரகு ஊட்டி, உடம்பு பிடித்துவிட்டு, எங்களைவிட நன்றாகப் பார்த்துக்கொள்வார். ஒரு வருஷம் எங்கள் படகையே பந்தயத்தில் விட்டுவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அடுத்தவர் வலையில் மீன் பிரித்துக் கொடுத்துத்தான் அம்மா எங்களை வளர்த்தாள். கோழி என்று ஓர் ஆண்பிள்ளை ஆசையாகப் பேசினால் இன்றைக்கும் எனக்கு அந்தப் படகுதான் ஞாபகம் வரும்.

அவர் சவுக்குக் கழி நட்டு, கிழிந்த வலையைச் சுற்றிக் கூண்டு கட்ட ஆரம்பித்தார். நான் பொன்னேரியில் ஒரு கல்லூரியில் பெருக்கித் துடைக்கும் வேலைக்குப் போகிறேன். சாயங்காலம் வீடு திரும்பியதும் பையைக்கூட வைக்காமல் பின்பக்கம் போய்க் கூண்டைப் பார்ப்பேன். ஒருநாள் உள்ளே நடுவில் பலகை வைத்துத் தனி அறை மாதிரி அடைத்திருந்தார். சண்டைச் சேவலைத்தான் அப்படித் தனியாக அடைப்பார்கள். நைனாவின் கூண்டு அப்படித்தான் இருந்தது.

"தடுப்பு எதுக்கு?"

"தேவப்படும்."

சொல்லிவிட்டு அடுத்த ஆணியை எடுத்தார்.

அதே நாட்களில் அவர் கொண்டுவரும் இறாலும் குறைந்திருந்தது. கூடை பாதிகூட நிறையவில்லை. கேட்டால், "முகத்துவாரம் அடைச்சிகினு கீது, தண்ணி வரல" என்பார். ஆனால் தன் படகில் அவரையும் கூட்டிப்போய் ஏரியில் இறங்குகிற அவருடைய தம்பி கூடை நிறையத்தான் கொண்டுவந்தார். இவருடைய மீதி எங்கே போகிறது? போதாததற்கு யாரிடமோ போனில் தெலுங்கில் பேசுவார். நான் வந்தால் வெளியே நகர்ந்துவிடுவார். ஒருமுறை 'புஞ்சு' என்ற சொல் மட்டும் என் காதில் விழுந்தது. தெலுங்கில் சேவலுக்கு அதுதான் பெயர்.

ஞாயிற்றுக்கிழமை எளாவூருக்குக் கோழி பார்க்கப் போவதாகச் சொல்லி வண்டியை எடுத்தார். நானும் செருப்பை மாட்டினேன்.

"நீ எதுக்குமே வெயில்ல?"

"ஏன், நான் கோழி பாக்கக் கூடாதா?"

அவர் பதில் சொல்வதற்குள் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

செக்போஸ்ட் தாண்டி, தோப்புக்குள் ஒரு வீடு. கோழிக்காரர் வயதான தெலுங்குக்காரர். வாசலில் உயரமான இரண்டு சேவல்கள், காலில் கயிறு கட்டி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றிருந்தன. கோழிக்காரர் என்னை உட்காரச் சொல்வதற்கு முன்பே, இதில் எந்தச் சேவலுக்கு இவர் சொல்லி வைத்திருக்கிறார் என்று தெலுங்கிலேயே கேட்டுவிட்டேன்.

கோழிக்காரர் சிரித்தார். பிறகு தமிழில் சொன்னார்: "அது ரெண்டும் என் பையனோடதும்மா. உங்க வூட்டுக்காரரு பெட்டைக்குத்தான் சொல்லிகிறாரு. புஞ்சு ஒண்ணு போதுமான்னு கேட்டாரு, போதும்னேன். அடை உக்கார்ற கோழிக்குத் தனியா எடம் வுடச் சொன்னதும் நான்தான்." என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். "கை மரத்துப் போச்சு, இன்னும் கொஞ்ச நாள்தான் ஏரியில எறங்க முடியும்னாரே. உனுக்குத் தெரியாதா?"

நான் திரும்பினேன். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெசமாயா?"

"வெரல் நுனியில ஒணர்வே இல்லமே. சேத்துல கைய வுட்டா இறாவா கல்லானு தெர்ல. காலும் அப்படித்தான். முள்ளு குத்துனாக்கூட ரத்தத்தப் பாத்துதான் தெரியுது."

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா நீ அழுவ."

நான் அழவில்லை. முன்பின் தெரியாத ஒருவரிடம் சொன்னதை என்னிடம் சொல்லவில்லையே என்று கோபம்தான் வந்தது. அதைக் கோழிகள்மேல் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தூக்கி, அலகைத் திறந்து, கண்ணைப் பார்த்து, வாலடியில் வெள்ளைக் கழிச்சல் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். ஒன்று தலையைத் தொங்கப்போட்டிருந்தது. அது வேண்டாம் என்றேன்.

"நல்ல கோழிம்மா அது."

"அப்ப நீங்களே வெச்சிக்கோங்க, நைனா."

மறுநாள் லீவு சொல்லிவிட்டு அவரைப் பொன்னேரி அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். சர்க்கரை, நரம்பும் கெட்டிருக்கிறது என்றார் டாக்டர். வெறுங்காலோடு சேற்றில் இறங்கவே கூடாது என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். இப்போது என் வீட்டுக்காரர் தம்பியின் படகில் கழி ஊன்றப் போகிறார். மாத்திரையை விழுங்குகிறாரா, நான் திரும்பியதும் துப்புகிறாரா என்று பக்கத்திலேயே நின்று பார்க்கிறேன்.

வந்த புதிதில் கோழிகள் கூண்டுக்குள் போகவே மறுத்தன. மிரண்டுகொண்டு வேலியோரமாகவே திரிந்தன. பழகக் கொஞ்ச நாள் ஆயிற்று. பிறகு ஒரு காலையில், கூண்டுக்குள் குனிந்து துழாவியவர் ஒரு முட்டையோடு அடுப்படிக்கு வந்தார். அதை விரல்களுக்குள் உருட்டி உருட்டிப் பார்த்தார். பிறகு என் உள்ளங்கையில் வைத்தார்.

"சூடா கீதா பாரு. இப்போ வெச்சதா, நேத்து வெச்சதானு எனுக்குத் தெர்ல."

சூடாகத்தான் இருந்தது.

"இப்போதான்யா வெச்சிகீது" என்றேன்.