காப்பு அவிழ்த்த பிறகு வாருங்கள் என்றார்கள்

மலாக்காவுக்குப் போகிறவர்கள் ஆற்றோரம் நின்று படம் எடுத்துக்கொள்ளப் போவார்கள். நான் போன மாதம் ஒரு சனிக்கிழமை கோபத்தில் போனேன். இதைப் படித்துவிட்டுத் தோட்டப்புறம் போகத் திட்டமிடுகிறவர்களுக்குப் பாதை விவரமும் உண்டு, கொஞ்சம் புலம்பலும் உண்டு.

கோலாலம்பூரில் ஓர் ஆய்வகத்தில் கிருமிகளைப் பற்றி ஆராய்கிறேன். முனைவர் பட்டம் முடித்தாயிற்று, நிரந்தர வேலை கிடைக்கவில்லை, ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தம். கொசு பரப்பும் டிங்கிக் காய்ச்சல் கிருமி உடம்பில் நுழைந்ததும் முதல் சில மணி நேரத்தில் உடம்பு தானாகவே எப்படி எதிர்த்து நிற்கிறது என்பதுதான் என் வேலை. சிலருக்கு அந்த முதல் எதிர்ப்பு சரியாக அமைகிறது, சிலருக்கு அமைவதில்லை. ஏன் என்று தெரிய, ஒரே ஆளிடம் ஓராண்டு இடைவெளியில் இரண்டு முறை ரத்தம் எடுத்து ஒப்பிட வேண்டும். இரண்டாவது இல்லையென்றால் முதலாவதும் குப்பைக்குத்தான்.

மலாக்காவில் பாயா ரும்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் சென்ற ஆண்டு பதினெட்டுப் பேர் ரத்தம் கொடுத்தார்கள். இந்த ஆண்டு எங்கள் குழு போய் வெறுங்கையோடு திரும்பியது. கூட்டத்தில் எங்கள் தலைவர் சிரித்துக்கொண்டே, தோட்டத்து ஆட்கள் ஊசிக்குப் பயந்துவிட்டார்கள், மூடநம்பிக்கை, அவர்களை ஆய்விலிருந்து நீக்கிவிடலாம் என்றார். அவரும் தமிழர்தான்.

எந்தத் தேதியில் போனீர்கள் என்று கேட்டேன். சொன்னார்கள். உடனே அந்தத் தோட்டத்துக்குப் போன் போட்டு விசாரித்தேன். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய மூன்றாம் நாள்! கையில் மஞ்சள் கயிறு கட்டியவர்கள் அதை அவிழ்க்கும்வரை நகம்கூட வெட்ட மாட்டார்கள். அவர்களிடம் போய்க் கையை நீட்டு, ரத்தம் எடுக்கிறேன் என்றால் யார் நீட்டுவார்கள்? இப்போது காப்பு அவிழ்த்தாயிற்று, ரத்தம் எடுக்க எங்களுக்கிருந்த அனுமதிக் காலம் முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது. நான் போகிறேன் என்றேன். வேண்டுமானால் போய்ப் பார், ஆனால் ஆய்வக வண்டி கிடையாது என்றார் தலைவர்.

ஆகவே என் பழைய மைவி கார். கூடவே ரத்தம் எடுக்கும் தாதி கஸ்தூரி, பின் இருக்கையில் ஐஸ் பெட்டி. காலை ஆறரைக்குக் கிளம்பி, வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் சிம்பாங் அம்பாட்டில் இறங்கி, தெற்கே பாயா ரும்புட் நோக்கிப் போக வேண்டும். சுமார் நூற்று முப்பது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். டோல், பெட்ரோல் எல்லாம் போய்வர எழுபது மலேசிய வெள்ளிக்குள் அடங்கும். வழியில் ஒரு கடையில் தோசையும் தேத்தண்ணியும் இருவருக்கும் பதினோரு வெள்ளி. சட்னி சுமார்தான்.

தார்ச் சாலை முடிந்து செம்பனை மரங்களுக்குள் திரும்பினால் கூகுள் கைவிட்டுவிடும். கோயில் கோபுரத்தைப் பார்த்துப் போங்கள். அதன் பின்னால்தான் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், லயன் வீடுகள் என்பார்கள்.

முதல் வீடு லெட்சுமி அக்காவுடையது. தஞ்சோங் கிளிங்கில் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவு செய்கிறார். இரண்டு மகன்கள். அவர்களுக்கு ஒரே நேரத்தில் டிங்கி வந்தது. பெரியவன் ஒன்பது நாள் தீவிர சிகிச்சையில் கிடந்து பிழைத்தான். சின்னவன் இரண்டு நாள் காய்ச்சலோடு சரி, எழுந்து பந்து விளையாடப் போய்விட்டான். அடுத்த முறை வந்தால் பெரியவன் தாங்குவானா என்பது அக்காவின் பயம். அதற்குத்தான் மூவரும் எங்களுக்கு ரத்தம் கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

நான் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டதும் அவர் முகம் இறுகியது.

"நாங்க வேணாம்னு சொல்லவே இல்ல மிஸ். காப்பு அவுக்கட்டும், அப்புறம் புதன், வியாழன்ல வாங்கன்னுதான் சொன்னோம். அந்தப் புதன், வியாழன் ரெண்டு நாளும் லீவு போட்டுட்டு உக்காந்திருந்தேன் லா. ஒருத்தரும் வரல."

எங்கள் குழு அன்று குறித்துக்கொண்டு வந்தது 'மறுத்தனர்' என்ற ஒரே சொல். அப்புறம் வாருங்கள் என்பது மறுப்பா? அந்த இரண்டு நாளும் நாங்கள் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து அறிக்கை எழுதிக்கொண்டிருந்தோம். எனக்கு வெட்கமாகவும் ஆத்திரமாகவும் இருந்தது.

அக்கா பக்கத்து வீடுகளுக்குக் குரல் கொடுத்தார். சனிக்கிழமை என்பதால் பலர் வீட்டில் இருந்தார்கள், மற்றவர்களைப் போன் போட்டு வரவழைத்தார். நண்பகலுக்குள் பதினெட்டுப் பேரும் கொடுத்து முடித்தார்கள். கஸ்தூரிக்கு உட்கார நேரமில்லை. பெரியவன் கையை நீட்டியபோது அக்கா ஊசியைப் பார்க்காமல் என்னையே பார்த்தார்.

"இதுல தெரியுமா மிஸ், இவனுக்கு மட்டும் ஏன் அப்படி ஆச்சுன்னு?"

தெரியலாம், தெரியாமலும் போகலாம், எதுவானாலும் நானே நேரில் வந்து சொல்கிறேன் என்றேன். அவ்வளவுதான் என்னால் உண்மையாகச் சொல்ல முடிந்தது.

ரத்தம் ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். அதனால் கடலோரத்து உம்பாயில் மீன் சாப்பிடும் ஆசையை மூட்டை கட்டிவிட்டு நேரே திரும்பினோம். உங்கள் பெட்டியில் ரத்தம் இல்லையென்றால் மாலையில் அங்கே போங்கள், சுட்ட மீன் அருமையாக இருக்கும்.

தோட்டங்களுக்கு வேலையாகப் போகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்வேன். தேதி குறிக்கும் முன் கோயில் தலைவருக்கு ஒரு போன் போடுங்கள். திருவிழா எப்போது, காப்பு எப்போது அவிழ்க்கிறார்கள் என்று கேளுங்கள். இரண்டு நிமிட வேலை. அப்புறம் வாருங்கள் என்று சொன்னால் அப்புறம் போங்கள்.

திங்கட்கிழமை எங்கள் ஆய்வகத் தலைவருக்கு ஒரே பூரிப்பு. ஆய்வுக் கட்டுரையில் சேர்க்க ஒரு வரியும் தயாராக வைத்திருந்தார். மத நம்பிக்கையால் மறுத்த தோட்ட மக்கள், தமிழ் பேசும் ஆய்வாளர் ஒருவர் விழிப்புணர்வு ஊட்டிய பின் சம்மதித்தார்கள் என்று. நான் என்ன விழிப்புணர்வை ஊட்டினேன்? காப்பு அவிழ்த்த பிறகு போனேன், அவ்வளவுதான்.

அந்த வரியை எடுத்துவிட்டு, அவர்கள் வரச் சொன்ன நாளில் நாங்கள் போகவில்லை என்று எழுதுங்கள், இல்லையென்றால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். உன் ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, அந்த வரியை எடுங்கள் என்றேன்.