அக்கா எழுதிக் கொடுக்காத மன்னிப்பு

புவனகிரியில் பிறந்து, அப்பா தவறிய பின் டியூஷன் எடுத்து என்னைப் படிக்கவைத்து, சிதம்பரத்துக்குப் பக்கத்து ஊரொன்றில் உயர்நிலைப் பள்ளிக் கணக்கு ஆசிரியையாக இருந்தவர் எங்கள் அக்கா. அவர் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், தம்பியாகிய நான் ஒரு சண்டையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மற்றதெல்லாம் அவரை அறிந்த உங்களுக்கே தெரியும்.

அந்தப் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்குக் கணக்கு வராது என்பது ஆசிரியர் அறையின் தீர்ப்பு. அவர்கள் வாங்கிய மதிப்பெண்ணும் அதையே சொன்னது. சேர்ந்த புதிதில் அக்காவும் நம்பியிருக்கிறார். பிறகுதான் கவனித்தார். காலையில் வராந்தாவையும் ஆசிரியர் அறையையும் பெருக்கி, குடிதண்ணீர் பிடித்து வைப்பது பெண்பிள்ளைகள் வேலை. முடித்துவிட்டுக் கடைசி பெஞ்சில் வந்து உட்காரும்போது முதல் பீரியட் கணக்கு பாதி ஓடியிருக்கும். பாடம் நடக்கும்போது அறையிலேயே இல்லாதவர்களுக்குக் கணக்கு எப்படி வரும்?

அக்கா வருகைப் பதிவேட்டு வரிசைப்படி எல்லோருக்கும் முறை போட்டார். பையன்களும் பெருக்கினார்கள். முன் பெஞ்சும் முறை வைத்து மாறியது. மூன்றாம் நாள் ஒரு மாணவனின் தகப்பனார் வந்து கத்தினார்.

"ஏன் டீச்சர், எம்புள்ளய தொடப்பம் புடிக்கவா அனுப்புனேன்?"

"அப்ப அந்தப் பொண்ணுங்கள மட்டும் அதுக்கா அனுப்புனாங்க, அவுங்க வீட்ல?" என்றார் அக்கா.

பள்ளி நிர்வாகத்திடமிருந்து மெமோ வந்தது. மன்னிப்பு எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அவர் எடுத்துவந்த பத்தாம் வகுப்பு இனி கிடையாது. கடலூரில் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் நானே அந்தக் கடிதத்தைப் பதமாக எழுதிக்கொண்டு போனேன்.

"கையெழுத்து மட்டும் போட்டுடுக்கா. எதுக்கு வம்பு?"

அக்கா படித்தார். "நல்லா எழுதியிருக்கடா" என்றார். தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் அடுத்த வாரம் பெருக்க வேண்டியவர்களின் பெயர்களை எழுதினார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

பத்தாம் வகுப்பைப் பிடுங்கிக்கொண்டு ஆறாம் வகுப்பைக் கொடுத்தார்கள். மறுநாளே அங்கும் பையன்கள் பெருக்கினார்கள். அந்தப் பிள்ளைகள் பத்தாவது முடித்தபோது, பெண்களுக்குக் கணக்கு வராது என்று சொல்ல ஆசிரியர் அறையில் ஆளில்லை.

கடைசி மூன்று மாதம் கடலூர் மருத்துவமனையில் அக்காவைத் தாங்கிய செவிலியர்களுக்கும், முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்த அவருடைய மாணவிகளுக்கும், கருமாதி வரை உடனிருந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. மெமோ கொடுத்தவர்களுக்கு நன்றி இல்லை.

கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் 'எல்லோரையும் அனுசரித்துப் போனவர்' என்று போட்டிருந்தீர்கள். அன்போடுதான் போட்டீர்கள். ஆனால் அது பொய். அனுசரித்துப் போகச் சொன்னவன் நான். அக்கா கேட்கவில்லை.